ஃபுரோசமைட் 40 மில்லிகிராம்: குளிசை நல்லது, அது வரும் உறைதான் போதாது

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் சிறுநீரைப் பெருக்கும் முக்கியமான குளிசைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அம்மாவுக்குரிய ஃபுரோசமைட் 40 மில்லிகிராம். இதயம் பலவீனப்பட்டதால் காலிலும் நுரையீரலிலும் நீர் தங்கும் நிலை அவருக்கு. இந்தக் குளிசையை அவர் "சலம் போற குளிசை" என்றுதான் சொல்வார். மற்றையது அப்பாவின் குருதி அமுக்கத்துக்கான இன்டபமைட் 1.5 மில்லிகிராம். இரண்டையும் வாங்கி வருவதும், நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பதும், விளைவைக் கொப்பியில் குறித்து வைப்பதும் என் பொறுப்பு. கைத்தொலைபேசிக்கும் மின்விசிறிக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிறோம். பெற்றோரின் உயிரோடு நாள்தோறும் தொடர்புபடும் ஒரு பொருளைப் பற்றி, அதைக் கையாள்பவர் என்ற நிலையிலிருந்து எழுதுவது குறைவு. அந்தக் குறையை ஓரளவாவது தீர்க்கவே இதை எழுதுகிறேன். நான் வைத்தியத் தொழிலில் இருப்பவர் அல்ல. அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது ஆகிய மூன்றும் உங்களைப் பார்க்கும் வைத்தியரின் முடிவாகவே இருக்க வேண்டும்.

குளிசை தன் வேலையைச் செய்கிறதா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செய்கிறது, அதில் குறை சொல்ல இடமே இல்லை. வாயால் எடுத்து அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் சிறுநீர் கூடத் தொடங்குகிறது. ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலத்தில் உச்சத்தை அடைகிறது. ஆறு முதல் எட்டு மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடுகிறது. சிறுநீரகம் குருதியை வடிக்கும்போது வெளியேறும் உப்பில் பெரும்பகுதியை நுண்குழாய்கள் மீண்டும் உடலுக்குள் இழுத்துக்கொள்கின்றன. அந்த உப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மீட்கப்படும் வளைவுப் பகுதியில் ஃபுரோசமைட் சென்று வழியை அடைத்துவிடுகிறது. திரும்பிப் போக முடியாத உப்பு சிறுநீரோடு வெளியேற, அதன் பின்னே நீரும் போகிறது. இந்த மருந்து நீரை மட்டும் எடுப்பதில்லை, சோடியம், பொற்றாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் கூடவே எடுத்துச் செல்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே நான் சொல்லப்போகும் எச்சரிக்கைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

அம்மாவின் காலைப் பார்த்தே மருந்தின் வேலையை நாங்கள் அறிகிறோம். நீர் கூடியிருக்கும் நாட்களில் முன்கால் எலும்பின் மேல் பெருவிரலால் சற்று நேரம் அழுத்தி எடுத்தால், அந்த இடம் குழியாகவே நிற்கும், தோல் பழைய நிலைக்கு வரப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். செருப்பு வாரின் தடம் புறங்காலில் பள்ளமாகப் பதிந்திருக்கும். இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தால்தான் மூச்சு வாங்காமல் உறங்க முடியும். அளவு சரியாக அமைந்த பிறகு குழி விழுவது நின்றது, ஒற்றைத் தலையணையோடு அவர் படுக்கிறார். இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தருகின்ற குளிசையின் விலையோ, வைத்தியரைச் சனல் பண்ணும் கட்டணத்தோடு வைத்துப் பார்த்தால் மிகச் சொற்பம். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் அதுவும் இல்லை, இலவசமாகவே கிடைக்கிறது.

வீங்கிய உடலில் குடலும் வீங்கியிருக்கும் என்பதால், நீர் அதிகமாகக் கட்டியிருக்கும்போது வாயால் எடுக்கும் ஃபுரோசமைட் மெதுவாகவே உறிஞ்சப்படுகிறது. சாதாரண நிலையிலும் ஆளுக்கு ஆள் உறிஞ்சப்படும் அளவு பெரிதும் வேறுபடுகிறது. ஆகையால் "முந்தி வேலை செய்த குளிசை இப்போது வேலை செய்யவில்லை" என்று தோன்றினால், வீட்டிலேயே ஒன்றை இரண்டாக்குவது தீர்வல்ல. ஊசி மூலம் கொடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டதற்கான அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

இனி, அப்பாவின் குளிசை. இரண்டுமே சிறுநீரைப் பெருக்குபவைதாமே, ஒன்று தீர்ந்துவிட்டால் மற்றதைப் போட்டுக்கொள்ளலாமா என்று எங்கள் வீட்டிலேயே பேச்சு எழுந்தது. முடியாது. ஃபுரோசமைட் வேகமாக வந்து வேகமாக ஓய்வது, தேங்கிய நீரை வெளியேற்றுவதற்கு ஏற்றது. குருதி அமுக்கத்தை நாள் முழுவதும் சீராக வைத்திருக்க இன்டபமைட், குளோர்தலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைட் ஆகியவற்றைக் கொண்ட மற்றைய குடும்பமே பொதுவாக எழுதப்படுகிறது. 1958இல் குளோரோதயசைட் விற்பனைக்கு வருவதற்கு முன்னர் நீரை வெளியேற்றப் பாதரசம் கலந்த ஊசிகளையே பயன்படுத்தினார்கள் என்பதை அறியும்போது, இந்தச் சிறிய குளிசை எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது விளங்கும். 33,000க்கும் அதிகமானோர் பங்கெடுத்து 2002இல் வெளியான ஆல்ஹட் ஆய்வில், மலிவான குளோர்தலிடோன் விலை கூடிய புதிய மருந்துகளுக்கு எவ்வகையிலும் குறைந்துவிடவில்லை. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் அவற்றை முந்தியும் நின்றது. 80 வயதைக் கடந்தவர்களுக்குப் பிறஷருக்கு மருந்து கொடுப்பதில் பயன் உண்டா என்ற ஐயத்தை, 2008இல் வெளியான ஹைவெட் ஆய்வு அப்பா எடுக்கும் இதே இன்டபமைட் 1.5 மில்லிகிராமைக் கொண்டுதான் தீர்த்து வைத்தது. அதில் இறப்பு வீதம் 21 சதவீதம் குறைந்தது. "பழைய மருந்து, மலிவான மருந்து" என்று முகம் சுளிப்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

கையாளும் முறையிலும் வேறுபாடு உண்டு. அம்மாவின் ஃபுரோசமைட்டில் நடுவே ஒரு கோடு இருக்கிறது, வைத்தியர் அரைக் குளிசை என்று எழுதினால் அந்தக் கோட்டில் உடைத்துக்கொள்ளலாம். அப்பாவின் இன்டபமைட் மெதுவாகக் கரைந்து நாள் முழுவதும் மருந்தை விடுவிக்கும் வகை. அதை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது, முழுதாகவே விழுங்க வேண்டும். இந்த ஒரு வரியைக்கூட நான் வாங்கிய எந்தக் காகித உறையிலும் எழுதியிருக்கக் கண்டதில்லை.

என்னுடைய உண்மையான மனக்குறை அங்கேதான் இருக்கிறது. இந்த மருந்து தனியாக வரக்கூடாது. ஒரு தராசும் ஒரு இரத்தப் பரிசோதனைத் திகதியும் அதனோடு சேர்ந்தே வர வேண்டும். நமக்குக் கிடைப்பதோ "காலை 1" என்று பேனையால் எழுதிய ஒரு சிறிய உறை.

தராசைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் மிகுந்த பயன் தந்த கருவி அதுதான். உடலில் ஒரு லீற்றர் நீர் கூடினால் நிறை ஒரு கிலோ கூடும். கால் வீங்குவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னரே தராசு அதைக் காட்டிவிடும். அம்மா காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், தேநீர் குடிப்பதற்கு முன், அதே வகை உடுப்போடு தராசில் ஏறுகிறார். தராசு கம்பளத்தின் மேல் அல்லாமல் சீமெந்துத் தரையில், எப்போதும் ஒரே இடத்தில் இருக்கிறது. மூன்று நாளுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் உடனே அறிவிக்கும்படி இதய நோய் வைத்தியர்கள் சொல்கிறார்கள். மறுபக்கமும் அதேயளவு முக்கியமானது: நிறை கீழே கீழே போய், வாய் உலர்ந்து, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாக வந்தால், மருந்து தேவைக்கு மேல் வேலை செய்துவிட்டது என்று பொருள். வீக்கம் வற்றிவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே சிறுநீரகம் காய்ந்துவிடக்கூடும். அம்மாவின் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் நிறையை எழுதி வைத்திருப்பதால், வைத்தியர் அதைப் புரட்டிப் பார்த்தே அளவை முடிவு செய்கிறார். நாங்கள் வாயால் சொல்லும் "கொஞ்சம் வீக்கம்", "பரவாயில்லை" என்பவற்றைவிட அந்த எண்கள் அவருக்குப் பயன்படுகின்றன.

குருதி அமுக்கக் கருவியும் வீட்டில் உண்டு. அப்பாவுக்கு இருந்தபடி ஒருமுறை, எழுந்து நின்று ஓரிரு நிமிடத்தில் மறுமுறை என்று பார்க்கிறோம். நிற்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு. இரவில் எழுந்து மலசலகூடத்துக்குப் போகும் முதியவர் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது, பிறஷர் கூடுவதைவிடச் சிறிய துன்பம் அல்ல. ஆகவே கட்டிலில் சற்று நேரம் அமர்ந்திருந்து பின் எழும்பும்படி இருவருக்கும் சொல்லியிருக்கிறோம்.

இரத்தப் பரிசோதனை விடயத்தில் கொழும்பில் வசதிக்குக் குறைவே இல்லை. காலி வீதியில் நடந்தால் இரத்த மாதிரி எடுக்கும் நிலையங்கள் அடுத்தடுத்து வரும். சோடியம், பொற்றாசியம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகிய மூன்றையும் மருந்து தொடங்குவதற்கு முன்னரும், தொடங்கி அல்லது அளவு மாற்றி ஒன்று இரண்டு வாரத்துக்குள்ளும், பிறகு வைத்தியர் சொல்லும் இடைவெளியிலும் பார்க்க வேண்டும். பொற்றாசியம் பொதுவாக 3.5க்கும் 5க்கும் இடையில், சோடியம் 135க்கும் 145க்கும் இடையில் இருப்பது நல்லது. பொற்றாசியம் இறங்கினால் தசை பலவீனம், கெண்டைக்கால் இழுப்பு, மலச்சிக்கல், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதல். டிஜொக்சின் என்ற இதய மருந்தை எடுப்பவருக்கு அந்த ஆபத்து பன்மடங்கு. சோடியம் இறங்குவதோ வேறுவிதமாக வெளிப்படும். அப்பா எடுக்கும் வகைக் குளிசைகளில், சிறப்பாக வயதான மெலிந்த பெண்களுக்கு, முதல் சில வாரங்களிலேயே சோடியம் தாழ்ந்து மந்தமும் குமட்டலும் தடுமாற்றமும் வரக்கூடும். "அம்மம்மாவுக்கு மறதி கூடிவிட்டது, வயது போய்விட்டது" என்று வீட்டார் கருதும் குழப்பம், உண்மையில் ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடிய உப்புக் குறைபாடாக இருக்கலாம். இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் முதியவர்களின் சோர்வை வயதின் கணக்கில் எழுதிவிடுவது நமக்கு மிக எளிதாக வந்துவிடுகிறது என்பதே.

அம்மாவுக்கு ஸ்பைரோனோலக்டோன் 25 மில்லிகிராமும் உண்டு. அது பொற்றாசியத்தை வெளியே விடாமல் தக்க வைக்கும் மருந்து. கடுமையான இதயச் செயலிழப்பில் அது இறப்பை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்ததாக 1999இல் வெளியான ராலேஸ் ஆய்வு காட்டியது. அந்தப் பயனோடு வரும் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது: எனலாப்ரில், லோசார்டன் போன்ற குருதி அமுக்க மருந்துகளோடு சேரும்போது பொற்றாசியம் அளவுக்கு மீறி ஏறி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். 5.5ஐத் தாண்டினால் அளவைக் குறைப்பதும் 6ஐத் தாண்டினால் நிறுத்துவதும் வைத்தியர்கள் கைக்கொள்ளும் வழக்கம். ஒரே வீட்டில் ஒருவருக்குப் பொற்றாசியம் இறங்குமோ என்றும் இன்னொருவருக்கு ஏறுமோ என்றும் பார்க்க வேண்டியிருப்பதால், "சலக் குளிசை எடுப்பவர் வாழைப்பழம் சாப்பிட வேண்டும்" என்ற பொது அறிவுரையை நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை.

இளநீரும் தம்பிலி என்ற செவ்விளநீரும் இதே வகைதான். வீதியோரம் எங்கு பார்த்தாலும் குலையாகத் தொங்கும் தம்பிலியை வெக்கைக்கு நல்லது என்று நாம் முதியவர்களுக்கு வெட்டிக் கொடுப்போம். அதில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் பொற்றாசியம் இருக்கிறது. ஃபுரோசமைட் மட்டும் எடுப்பவருக்கு அது பொருந்தலாம், அம்மாவைப் போன்றவருக்கு நாளுக்கொன்று என்பது கேட்டுத்தான் செய்ய வேண்டிய விடயம். சுப்பர்மார்க்கெட்டில் விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் சோடியத்துக்குப் பதிலாகப் பொற்றாசியம் குளோரைட்டைத்தான் பெரும்பாலும் சேர்த்திருக்கிறார்கள்; பிறஷருக்கு நல்லது என்று நினைத்து அதை வாங்கி வருபவர்கள் பெட்டியின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

சாதாரண உப்பைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. கறிக்குப் போடும் உப்பைக் குறைத்துவிட்டுக் கருவாடு, மாசி, அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய், சூப் கட்டி, பேக்கரிப் பாண் ஆகியவற்றை அப்படியே வைத்திருந்தால் குளிசை எடுத்த உப்பை வாய் திருப்பிக் கொடுத்துவிடும். அம்மாவுக்குக் கருவாட்டை விடுவதுதான் மிகக் கடினமாக இருந்தது.

பாமசி அனுபவத்தை விரிவாகவே எழுத வேண்டும். எங்கள் வழக்கமான பாமசி, காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. ஒரு மேசையும் இரண்டு அலுமாரியும்தான். அப்பாவுக்கு ஒரு நாள் கால் பெருவிரல் இரவோடிரவாகச் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே அலறும் அளவுக்கு நோ எடுத்தது. வீட்டுக்குப் பக்கத்தில் வேறொரு கடை திறந்திருந்ததால் அங்கே கேட்டேன். எதுவும் விசாரிக்காமல் டைக்ளோபெனாக் என்ற நோவு மருந்து அட்டையொன்றை எடுத்து நீட்டினார்கள். வாங்காமல் எங்கள் பாமசிக்கே போனேன். அங்கிருந்த மருந்தாளர் முதலில் கேட்டது இதைத்தான்:

"அப்பா பிறஷருக்கு என்ன குளிசை போடுறார், அக்கா? துண்டு கையில இருக்கா?"

லோசார்டனும் இன்டபமைட்டும் எழுதியிருந்த துண்டைப் பார்த்தவர் தலையை ஆட்டினார்.

"இதோட டைக்ளோபெனாக் வேண்டாம். மூண்டும் சேர்ந்தால் கிட்னிக்குக் கூடாது. இப்போதைக்குப் பனடோல் குடுங்கோ, நாளைக்கே டொக்டரிட்டக் காட்டி யூரிக் அசிட் பாக்கச் சொல்லுங்கோ. இந்தக் குளிசையாலயும் அது கூடலாம்."

அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி. அப்பாவின் வகைக் குளிசை யூரிக் அமிலத்தைக் கூட்டும். அதனால் மூட்டில் நோ வரும். அந்த நோவுக்கு எடுக்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, அந்தக் குளிசையின் பயனையே கெடுக்கும். அமுக்கம் ஏறும், வைத்தியர் இன்னொரு மருந்தைச் சேர்ப்பார். அதற்கும் மேலாக, லோசார்டன் வகை மருந்தும் சிறுநீர் பெருக்கியும் ஏற்கெனவே இருக்கும் உடலில் இந்த நோவு மருந்தும் சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் குருதி மூன்று பக்கமும் இறுக்கப்படுகிறது. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்கு நன்கறியப்பட்ட வழிகளில் அது ஒன்று. வைத்தியர் மறுநாள் யூரிக் அமிலத்தைப் பார்த்து நோவுக்கு வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். துண்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடும் பாமசி எது என்று உங்கள் சுற்றாடலில் தேடி வையுங்கள். விலைக்கழிவைவிட அது பெறுமதியானது. பனடோலிலும் ஒரு கவனம் வேண்டும்: தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகையில் கணிசமான சோடியம் இருப்பதால், இவர்களுக்குச் சாதாரணக் குளிசையே நல்லது.

நாட்டு மருந்தையும் மருந்தாளரிடமும் வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருமலுக்கு நாம் வாயில் போட்டுச் சுவைக்கும் அதிமதுரம் பொற்றாசியத்தை இறக்கி, அமுக்கத்தை ஏற்றும். ஃபுரோசமைட் எடுப்பவருக்கு அது இரட்டைக் கேடு. பொல்பலா, நீர்முள்ளி, பார்லி என்று சிறுநீர் போவதற்காக அவித்துக் குடிப்பவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை, ஆனால் குளிசையோடு அவற்றையும் சேர்த்துக் குடித்தால் எது எவ்வளவு வேலை செய்தது என்பதைத் தராசாலும் வைத்தியராலும் பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

குளிசை வரும் உறைக்கு வருகிறேன். ஃபுரோசமைட் வெளிச்சம் பட்டால் நிறம் மாறிப் பழுதாகும் மருந்து. மஞ்சளாகிய குளிசையைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் அட்டையிலிருந்து கழற்றி, எண்ணி, மெல்லிய காகித உறையில் போட்டுத் தருவது இங்கு பரவலான வழக்கம். கடற்காற்றின் ஈரத்தில் அந்தக் காகிதம் சில நாளில் நைந்துவிடுகிறது. காலாவதித் திகதியும் தொகுதி எண்ணும் நம் கைக்கு வருவதே இல்லை. நான் இப்போது அட்டையாகவே வெட்டித் தரும்படி கேட்டு வாங்குகிறேன், பெரும்பாலும் மறுப்பதில்லை. கிழமை நாட்கள் எழுதிய ஒளிபுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு யன்னலோரம் வைப்பதையும் நிறுத்தினோம், அலுமாரிக்குள் இருக்கிறது.

பெயர்க் குழப்பம் அதைவிடக் கவலை தருவது. ஃபுருசமைட் என்பதும் ஃபுரோசமைட் என்பதும் ஒன்றே. லாசிக்ஸ் என்ற வணிகப் பெயரில் வருவதும் அதுவே. வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் முதியவர் அங்கு தந்த உறையில் உள்ளதையும் வீட்டில் ஏற்கெனவே இருந்த அட்டையில் உள்ளதையும் இரண்டு வெவ்வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்து எடுத்தால் அளவு இரு மடங்காகும். பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரில் மக்களுக்குப் பழக்கப்படுத்த முனைந்தது. அதன் ஒசுசல கடைகளில் இன்றும் பொதுப் பெயரில் கேட்டு வாங்கலாம். 2022இன் மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்த நிறுவனத்தின் குளிசையை வாங்க வேண்டியிருந்தபோது, பெட்டியும் குளிசையின் பருமனும் மாறிக்கொண்டே இருந்தன. பொதுப் பெயரையும் மில்லிகிராமையும் பார்த்து வாங்கும் பழக்கம் மட்டுமே எங்களுக்குக் கைகொடுத்தது. நான் பார்த்த பெட்டிகளில் உள்ளிருக்கும் தாள் ஆங்கிலத்திலேயே இருக்கிறது, எழுத்தும் மிகப் பொடி. தமிழிலும் சிங்களத்திலும் படித்து வளர்ந்த 70 வயதுக்காரருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

நேரத்தைப் பற்றி. காலையில் எடுப்பதே நல்லது. இரண்டாவது வேளை உண்டென்றால் பிற்பகல் நேரத்தோடு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரவெல்லாம் எழும்ப வேண்டிவரும். கொழும்பில் வெளியே போகும் முதியவருக்கு, அதிலும் பெண்களுக்கு, மலசலகூட வசதி கிடைப்பது அரிது என்பதால் பலர் பஸ் பயணம், கோயில் திருவிழா, ஆடிவேல் பார்க்கப் போகும் நாள் என்று அன்றைய குளிசையையே விட்டுவிடுகிறார்கள். கிளினிக் நாளிலும் நீண்ட வரிசைக்குப் பயந்து விட்டுவிட்டு வருகிறார்கள். வைத்தியர் அன்று காண்பது மருந்து எடுக்காத உடலின் நிறையும் அமுக்கமும் ஆகும், அதை வைத்து அவர் அளவைக் கூட்டிவிட்டால் மறுநாளிலிருந்து அது மிகையாகிவிடும். அம்மாவின் வைத்தியரிடம் இதைக் கேட்டபோது, ஃபுரோசமைட்டை வீடு திரும்பிய பின் சில மணித்தியாலம் பிந்தி எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமல் வந்தால் வந்ததும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றார். கேட்டால் வழி இருக்கிறது.

விரத காலத்தைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். கந்தசஷ்டியின் ஆறு நாளும் நீரும் பாலும் மட்டும் எடுத்து விரதம் காக்கும் பெரியவர்கள் நம்மிடையே பலர். வெறும் வயிற்றோடும் குறைந்த நீரோடும் இந்தக் குளிசையைத் தொடர்ந்து எடுப்பதும், யாரிடமும் சொல்லாமல் ஆறு நாள் நிறுத்துவதும் இரண்டுமே ஆபத்து. விரதம் தொடங்குவதற்கு முன்னரே வைத்தியரோடு பேசி அளவை மாற்றிக்கொள்ளலாம். வாந்தி, வயிற்றோட்டம், கடும் காய்ச்சல் வரும் நாட்களுக்கும் இது பொருந்தும். உடல் தானாகவே நீரை இழந்துகொண்டிருக்கும்போது இந்தக் குளிசையைத் தொடரலாமா, இடையில் நிறுத்தலாமா என்பதை அன்றே தொலைபேசியில் கேட்டறிய வேண்டும். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். சித்திரை வெயிலில் அப்பா தாகத்துக்குக் குடிக்கலாம். அம்மாவுக்கு வைத்தியர் குறித்துத் தந்த அளவு ஒன்று உண்டு, அந்தப் போத்தல் மேசையில் இருக்கிறது.

மூச்சு வாங்கல் திடீரெனக் கூடினாலும், படுக்க முடியாமல் போனாலும், மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, புதிதாக வந்த குழப்பம், சிறுநீர் வெகுவாகக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள வைத்தியசாலைக்கே போக வேண்டும்.

இவ்வளவு திறமையான, மலிவான பொருள் வீட்டில் இருக்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து கேட்டு வருவார்கள். எங்கள் மேல்மாடி அன்ரி தன் இரண்டு கணுக்காலும் வீங்கியதைக் காட்டி, "அம்மாவின்ர குளிசையில ரெண்டு தாங்கோ, பிள்ளை" என்றார். கால் வீக்கத்துக்கு இதயம் மட்டும் காரணமல்ல. சிறுநீரகம், ஈரல், தைரொயிட், நாளங்கள் என்று பல இருக்கின்றன. ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால் அது நாளத்தில் கட்டிய குருதிக் கட்டியாகவும் இருக்கலாம், அதற்கு இந்தக் குளிசை எதுவும் செய்யாது. அன்ரியிடம் அவருடைய மருந்துகளைக் கொண்டுவரச் சொன்னேன். அண்மையில் பிறஷருக்கு அம்லோடிபின் அளவைக் கூட்டியிருந்தார்கள். அந்த மருந்து கணுக்கால் வீக்கத்தைத் தருவது வழமை, அந்த வீக்கம் உடலில் நீர் மிகுந்ததால் வருவதல்ல என்பதால் ஃபுரோசமைட்டுக்கு ஒழுங்காகக் கட்டுப்படுவதும் இல்லை. குளிசையைக் கொடுக்கவில்லை, மருந்துத் துண்டோடு வைத்தியரிடமே அனுப்பினேன். அவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார், வீக்கம் வற்றிவிட்டது.